ஆன்டிஜென்: தமிழில் எப்படிச் சொல்வது?

நோய் எதிர்ப்பு அமைப்பு இனங்கண்டு எதிர்க்கும் பொருளுக்கு ஆன்டிஜென் என்று பெயர். அதில் வரும் 'ஜென்'னை மரபணு என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. அது கிரேக்க வேர், 'உண்டாக்குவது' என்று பொருள். 'ஆன்டி' என்பது, கிருமி போன்றவற்றை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் புரதமான ஆன்டிபாடியின் தலைப்பகுதி. பவுல் எர்லிக் 1891-இல் ஜெர்மன் மொழியில் ஆன்டிபாடிக்கான சொல்லை எழுதினார். பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் இருந்த ஹங்கேரியர் லாஸ்லோ டெட்ரெ, 1899-இல் ஆன்டிபாடியின் முன்வடிவம் என்று தான் கருதிய பொருளுக்கு ஆன்டிஜென் என்று பெயர் வைத்தார். ஆன்டிபாடியை உண்டாக்கத் தூண்டும் பொருள் என்ற அர்த்தம் பிறகு வந்தது.

தமிழில் பிறபொருளெதிரியாக்கி, எதிர்ப்பொருள் தூண்டி என்று இரண்டு சொற்கள் வழக்கில் உள்ளன. கிருமிகளைப் பற்றிப் பேசும்வரை இரண்டுமே சரிதான். மெலனோமாவுக்கு வந்தால்தான் சிக்கல்.

மெலனோமா, தோலுக்கு நிறம் தரும் மெலனோசைட் செல்களில் தோன்றும் புற்றுநோய். 'மெலஸ்' என்றால் கருப்பு, 'ஓமா' என்றால் கட்டி. கரும்புற்று என்பது பொருத்தமான பெயர். (நிறமே இல்லாத கரும்புற்றும் உண்டு, அது வேறு கதை.) இந்த நோயாளிகளின் டி செல்கள் (நோயை எதிர்க்கும் ஒருவகை வெள்ளணுக்கள்) எதைப் பார்த்துப் புற்றைத் தாக்குகின்றன என்று தேடியபோது 1991-இல் மேஜ்-1 கிடைத்தது. மனிதப் புற்றில் டி செல்கள் இனங்காணும் ஆன்டிஜென் ஒன்றுக்கான மரபணு பிடிபட்டது அதுவே முதல்முறை. 1994-இல் மெலன்-ஏ என்ற இன்னொரு ஆன்டிஜென் வந்தது. அது ஆரோக்கியமான மெலனோசைட்டிலும் இருக்கிற சாதாரணப் புரதம்!

பிறபொருள் என்ற சொல் இங்கேயே அடிபட்டுப்போகிறது. வெளியிலிருந்து எதுவும் வரவில்லை, நம் உடம்பின் சொந்தச் சரக்குதான். புற்றுக்கு எதிராகத் தூண்டிவிட்ட டி செல்கள் நல்ல தோலின் மெலனோசைட்டுகளையும் அழிப்பதால், சிகிச்சை பெறும் சிலருக்குத் தோலில் வெண்திட்டுகள் விழுகின்றன. மருத்துவர்கள் அதை மருந்து வேலை செய்வதற்கான நல்ல அறிகுறியாகவே பார்க்கிறார்கள். எல்லா ஆன்டிஜெனும் இப்படி என்று சொல்லிவிட முடியாது. புற ஊதாக் கதிர் டிஎன்ஏவைச் சிதைத்து, உடம்பு அதுவரை கண்டிராத புரதத் துண்டுகளையும் உருவாக்குகிறது. அவற்றைப் புத்தம்புதுச் சரக்கு எனலாம்.

சரி, எதிர்ப்பொருள் தூண்டி? அதுவும் முழுக்கப் பொருந்தவில்லை. செல் தன் புரதங்களை நறுக்கி, பெரும்பாலும் ஒன்பது அமினோ அமிலம் நீளமுள்ள ஒரு துணுக்கை எச்எல்ஏ என்ற தாங்கியில் வைத்து வெளியே நீட்டுகிறது. டி செல் வந்து தடவிப் பார்க்கிறது, பொருந்தினால் கொல்கிறது. இந்த வேலையில் ஆன்டிபாடிக்கு, அதாவது எதிர்ப்பொருளுக்கு, இடமே இல்லை.

அதனால் அந்தச் சொல்லில் 'பொருளை' மட்டும் கழித்துவிட்டு 'எதிர்ப்புத்தூண்டி' என்று எழுதுகிறேன். எதிர்ப்பு ஆன்டிபாடியாலா, டி செல்லாலா என்ற கேள்விக்கு அது இடம் வைப்பதில்லை. ஒரு எச்சரிக்கை மட்டும்: 'புற்று எதிர்ப்புத்தூண்டி' என்று சேர்த்தால் புற்றை எதிர்க்கத் தூண்டும் மருந்து போலத் தொனிக்கும். நடுவே ஒரு வேற்றுமை உருபைப் போட்டு, 'புற்றுச் செல்லின் எதிர்ப்புத்தூண்டி' என்று எழுதினால் அந்தக் குழப்பம் வராது.