துக்கம்: வீட்டில் சாவு, வீதியில் தொல்லை

பர்மாவின் யாங்கோன் நகரில் மின்சாரம் நின்றால் பக்கத்துக் கடைக்காரர் ‘டொக்க பே’ என்று சலித்துக்கொள்வார். பெரிய தொல்லையப்பா என்பதுதான் பொருள். புதிதாகக் கேட்கும் தமிழ்க் காதுக்கு, யார் வீட்டில் என்ன ஆச்சோ என்று திக்கென்றிருக்கும். ஏனென்றால் அந்த ‘டொக்க’ நம்முடைய துக்கமேதான்.

பர்மியருக்கு அது பாலி மொழியிலிருந்து, பௌத்தத்தோடு வந்தது. அநிச்ச, துக்க, அநத்த (நிலையாமை, துன்பம், ஆன்மா இன்மை) என்று ஓதுகிறார்களே, அதில் நடுச்சொல். நமக்கு வடமொழி, பாகத (பிராகிருத) வழியில் வந்து சேர்ந்தது. வடமொழி வடிவம் துஃக. கெட்ட துளை, அதாவது அச்சு சரியாகப் பொருந்தாத சக்கரத் துளை என்று அதைப் பிரிப்போர் உண்டு. கெட்ட நிலை என்போரும் உண்டு. முதல் விளக்கம் அழகாக இருக்கிறது. அதனாலேயே எனக்கு அதன்மேல் கொஞ்சம் சந்தேகம்.

சரி, தமிழில் என்ன? துயரம் என்று சட்டென்று சொல்லிவிடலாம். துன்பம், இடும்பை, அவலம் எல்லாமும் பழஞ்சொற்களே. ஆனால் சாவுக்கென்று இருந்த சொல் இழவு. ‘இழ’ என்ற வினையிலிருந்து பிறந்தது. அழுகை தோன்றும் நிலைக்களன்களாகத் தொல்காப்பியம் சொல்லும் இளிவு, இழவு, அசைவு, வறுமை என்ற நான்கில் இதுவும் ஒன்று. அங்கே உறவானாலும் இன்பமானாலும் எதை இழந்தாலும் இழவுதான். பிறகு சாவு என்று சுருங்கி, கடைசியில் ‘என்ன இழவுடா இது’ என்ற எரிச்சலில் வந்து நிற்கிறது. கடைக்காரரின் ‘டொக்க பே’யும் இதே வழியில் வந்ததுதான்!

இழவு வசைச்சொல் ஆகிவிட்டதால் அதன் இடத்தைப் பெரும்பாலும் துக்கம் பிடித்துக்கொண்டது. துக்க வீடு, துக்கம் கேட்பது, துக்கம் தொண்டையை அடைப்பது: இங்கெல்லாம் துயரத்தைப் போட்டால் ஒட்டாது. உணர்வை எழுதும்போது துயரம், அறிவிப்பில் இரங்கல், பேச்சில் துக்கம் என்று வைத்துக்கொள்வதே என் வழக்கம். அனுதாபமும் வடசொல்தான், வடமொழியில் அதற்குக் கழிவிரக்கம், அதாவது செய்ததை எண்ணி வருந்துவது என்று பொருள்.

பர்மியர் வீட்டுச் சாவுக்குப் போனால் ‘டொக்க’ வேண்டாம். ‘வுன் நே பா டே’ என்பார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் வயிறு குறைந்தது என்று வரும். பெற்ற வயிறு பற்றி எரிகிறது என்கிற நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை. ‘செய்ட் மகாங் பூ’ என்றாலும் சரி: மனம் நன்றாக இல்லை. அந்தச் ‘செய்ட்’ பாலியின் சித்த, நம் சித்தம்.