அறைக்கே வரும் சாப்பாடு

அம்மாவையோ அப்பாவையோ, அன்றாட வேலைகளுக்கு உதவி கிடைக்கும் முதியோர் குடியிருப்பான அசிஸ்டட் லிவிங் இல்லத்தில் சேர்க்கலாமா என்று யோசிக்கும் குடும்பங்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அங்க சாப்பாடு எப்படி மேடம் இருக்கும்?" என்பதைத்தான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் விடை தேடும் விதத்தில் கோளாறு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். வடை, பாயசத்தோடு இலை போடுகிறார்கள். ருசி பார்த்துவிட்டு, மெனு கார்டைப் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள்.

கோவையைச் சுற்றியுள்ள முதியோர் குடியிருப்புகளின் சமையலறைகளுக்கு உணவு ஆலோசகராகப் போய்வருபவள் என்ற முறையில் நான் சொல்வது இது: வார நாளில், ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்குப் போங்கள். இல்லத்தின் பலவீனமான வேளை அதுதான். மதியம் இருக்கிற ஆட்கள் ராத்திரி இருக்க மாட்டார்கள். மதியம் மிஞ்சியது ராத்திரி உருமாறி வரும். போனவுடன் தட்டைப் பார்க்காதீர்கள். டைனிங் ஹாலில் எத்தனை நாற்காலி காலியாக இருக்கிறது, வராந்தாவில் எத்தனை கேரியரும் டிரேயும் அறைகளுக்குப் போகின்றன என்று பாருங்கள்.

பல இல்லங்களின் விளம்பரத்தில் 'அறைக்கே உணவு' என்பது ஒரு சிறப்பு வசதியாகப் போடப்பட்டிருக்கும். ஓட்டலில் அது வசதி. காய்ச்சலில் படுத்திருப்பவருக்கும் அவசியம். மற்றபடி, நடக்கக்கூடிய, கைத்தாங்கலாகவோ சக்கர நாற்காலியிலோ வரக்கூடிய ஒருவருக்கு மூன்று வேளையும் அறையிலேயே சாப்பாடு என்றால், அவர் ஒடுங்கத் தொடங்கிவிட்டார் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். நாலு பேரோடு உட்கார்ந்தால் தனியாகச் சாப்பிடுவதைவிடக் கூடுதலாக உள்ளே போகும் என்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஐரோப்பிய மருத்துவ ஊட்டச்சத்துச் சங்கமான எஸ்பென், முதியோருக்கான வழிகாட்டுதலில் சேர்ந்து சாப்பிட ஊக்குவிப்பதையும் வீட்டுச் சூழல் போன்ற உணவுக்கூடத்தையும் மருத்துவப் பரிந்துரையாகவே வைத்திருக்கிறது. ஹாலுக்குப் போவதில் இன்னொன்றும் அடங்கியிருக்கிறது. தலை வாரிக்கொள்ள வேண்டும், புடவை மாற்ற வேண்டும், நாலு அடி நடக்க வேண்டும், "இன்னிக்கு என்ன கிழமை?" என்று யாரையாவது கேட்க வேண்டும். அறையில் இதில் எதுவும் தேவைப்படாது.

ஏன் வரவில்லை என்று கேட்டால், "இங்கயே கொண்டாந்து குடுத்தர்றாங்க கண்ணு, என்னத்துக்கு அத்தன தூரம் நடக்கோணும்" என்பார்கள். அது உண்மையான காரணமாக இருப்பது குறைவு. கூடவே கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் மற்றவை வெளிவரும். கை நடுங்கிச் சாம்பார் சிந்துகிறது, எதிரில் இருப்பவர் பார்க்கிறார் என்ற கூச்சம். பல்செட் லூசாகிவிட்டது. சிறுநீரை அடக்க முடியவில்லை, ஹாலுக்குப் பக்கத்தில் கழிப்பறை இல்லை. இவற்றையெல்லாம்விட அதிகம் நான் பார்ப்பது காது. டைல்ஸ் தரை, உயரமான கூரை, எவர்சில்வர் தட்டுகள், மூலையில் ஓடும் டிவி. காது மந்தமானவருக்கு அந்த ஹாலில் ஒரு வார்த்தை புரியாது. காதுக் கருவி போட்டிருந்தாலோ அத்தனை இரைச்சலும் சேர்ந்து பெருகும். இரண்டு நாள் பேசாமல் உட்கார்ந்து பார்ப்பார், மூன்றாம் நாள் "ரூமுக்கே குடுத்துருங்க" என்பார். டிவியை அணைத்து, மேஜைக்குத் துணி விரித்து, ஜன்னலுக்குத் திரை போட்டு, நாலு பேர் உட்காரும் சின்ன மேஜையில் அவரைச் சுவரோரமாக உட்கார வைத்தால் இதில் பாதி தீரும். பெரிய செலவு ஒன்றும் இல்லை.

சரி, அறையில் சாப்பிடுபவர் எவ்வளவுதான் சாப்பிடுகிறார்? ஐம்பது கிலோ எடையுள்ள ஒரு அம்மாவை எடுத்துக்கொள்வோம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரைப்படி கிலோ எடைக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். முதியோருக்குக் குறைந்தது 1 கிராம் என்கிறது எஸ்பென். ஆக நாளுக்கு 50 கிராம். காலையில் இரண்டு இட்லி, சாம்பார்: சுமார் 6 கிராம். இரண்டு வேளை காபியில் இருக்கும் பால்: 6. மதியம் ஒரு கிண்ணம் சோறு, நீர்த்த சாம்பார், ரசம், ஒரு கரண்டி பொரியல், கொஞ்சம் மோர்: 10, மிஞ்சினால் 12. சாயங்காலம் இரண்டு பிஸ்கட். ராத்திரி அரைத் தட்டு ரவை உப்புமா: 4. கூட்டிப் பாருங்கள், முப்பதைத் தொடவில்லை. அதுவும் தட்டில் வைத்ததெல்லாம் உள்ளே போனால்தான். அறையிலிருந்து திரும்பும் டிரேயை யாரும் எடை போடுவதில்லை, கேரியரை மூடி எடுத்துப் போய்விடுகிறார்கள்.

வயதானால் பசி குறையும், குறைவாகச் சாப்பிட்டால் போதும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். கலோரி கொஞ்சம் குறையலாம். புரதத் தேவை குறைவதில்லை. பற்றாக்குறையை உடம்பு தசையிலிருந்து எடுத்துக்கொள்ளும். தசை போனால் நாற்காலியிலிருந்து எழ முடியாது, பாத்ரூமில் விழுவார், அப்புறம் இடுப்பு எலும்பு.

நம்ம ஊர்ச் சமையலில் இந்த இருபது கிராமை ஈடுகட்டுவது கஷ்டமே இல்லை. ராத்திரி உப்புமாவுக்குப் பதில் மிருதுவான அடை, இல்லையென்றால் பாசிப்பருப்பு தூக்கலாகப் போட்ட குழைவான பொங்கல். மதியம் சாம்பாருக்கு முன் ஒரு கரண்டி கட்டிப் பருப்பும் நெய்யும். ஐம்பது கிராம் பனீர் என்றால் கிட்டத்தட்ட 9 கிராம். முட்டை சாப்பிடுபவருக்கு ஒன்றில் 6. சுண்டல் நல்லதுதான், ஆனால் பல்செட்காரருக்குக் கொண்டைக்கடலையை அப்படியே கொடுத்தால் ஓரமாக ஒதுக்கிவிடுவார். மசித்து வடை தட்டலாம், பாசிப்பயறாக மாற்றலாம். மெனு கமிட்டிக் கூட்டங்களில் நான் இதைப் பேச ஆரம்பித்தால் பத்து நிமிஷத்தில் பேச்சு காபிக்குப் போய்விடும். எந்த இல்லமானாலும் சரி, எல்லாப் புகாரும் கடைசியில் டிகாக்‌ஷனில்தான் வந்து நிற்கிறது.

அடுத்தது பத்தியம். 'பிபி சாப்பாடு', 'சுகர் சாப்பாடு', 'கிட்னி சாப்பாடு' என்று சமையலறையில் ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருப்பார்கள். மூன்று நோயும் இருப்பவருக்கு மூன்றையும் கழித்துவிட்டால் மிஞ்சுவது உப்பில்லாத கஞ்சி. நாளுக்கு 5 கிராமுக்கு மேல் உப்பு வேண்டாம் என்பது பொதுவான அளவு. இதயச் செயலிழப்போ முற்றிய சிறுநீரக நோயோ இருந்தால் கட்டுப்பாடு அவசியம்தான். ஆனால் எண்பத்தைந்து வயதில் எடை குறைந்துகொண்டே வரும் ஒருவருக்கு, அறுபதில் எழுதிக்கொடுத்த பத்தியத்தை அப்படியே ஓட்டுவது தீங்கு. சாப்பிடும் அளவைக் குறைக்கும் கட்டுப்பாடுகளை முதியோருக்குத் தவிர்க்கச் சொல்கிறது அதே எஸ்பென் வழிகாட்டுதல். நாக்கில் ருசி உணர்வு ஏற்கனவே மங்கியிருக்கும், மாத்திரைகளால் வாயும் உலர்ந்திருக்கும். ஒரு துளி எலுமிச்சை ஊறுகாய் இருந்தால் ஒரு கிண்ணம் தயிர்சாதம் இறங்கும் என்றால், அந்த ஊறுகாயை அனுமதிக்கலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். கேட்டால் பலர் சரி என்கிறார்கள். கேட்பாரில்லை என்பதுதான் விஷயம்.

மணி விஷயத்தில் மட்டும் நான் கறாராக இருப்பேன். ஆட்கள் வீட்டுக்குக் கிளம்ப வேண்டும் என்பதற்காக ஆறே முக்காலுக்கு ராத்திரிச் சாப்பாடு, காலை டிபன் எட்டரைக்கு என்றால் நடுவில் கிட்டத்தட்ட பதினாலு மணி நேரம் ஆகிறது. சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு அரைத் தோசையோடு படுத்தவருக்கு விடியற்காலையில் சர்க்கரை தாழ்ந்து குழப்பம் வரும். இதை 'வயசாயிடுச்சு, ஏதோ உளர்றார்' என்று விட்டுவிடும் அபாயம் உண்டு. ஒன்பதரைக்கு ஒரு டம்ளர் பால் கொடுக்கிறார்களா என்று கேளுங்கள். அதேபோல விடிகாலைக் காபி. தைராய்டு மாத்திரை போடுபவர் அதற்குப் பிறகு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் காபியைத் தொடக் கூடாது. பார்க்கின்சனுக்கான லெவோடோபா, சாப்பாட்டுக்கு அரை மணி முன்பே போனால்தான் ஒழுங்காக வேலை செய்யும். கை நடுக்கம் அடங்கினால் அவர் ஹாலுக்கு வரவும் துணிவார். நர்ஸிடம் இருக்கும் மருந்துப் பட்டியலும் சமையலறையிடம் இருக்கும் நேரப் பட்டியலும் ஒன்றையொன்று பார்ப்பதே இல்லை.

புரை ஏறுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பக்கவாதம், பார்க்கின்சன், முற்றிய டிமென்ஷியா (மறதி நோய்) இருப்பவர்களுக்கு விழுங்குவதே சிக்கல். இவர்களில் பலருக்கு வெறும் தண்ணீர்தான் ஆபத்தானது. மெல்லிய திரவம் சட்டென்று மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். நீர்க்க ரசம் ஊற்றிய சோறு இன்னும் மோசம், திரவமும் பருக்கையும் தனித்தனியாக ஓடும். குழைத்த பருப்பு சாதம், கெட்டித் தயிர்சாதம், சாம்பாரில் நன்றாக ஊறிய இட்லி போன்றவை பெரும்பாலும் எளிது. உணவின் பதத்தை 0 முதல் 7 வரை வகுக்கும் இட்ஸி என்ற சர்வதேச அளவுகோல் இருக்கிறது; ஸ்பீச் தெரபிஸ்ட் ஒருமுறை பார்த்து எந்தப் பதம் என்று எழுதிக்கொடுத்தால் சமையல்காரருக்குக் குழப்பம் இருக்காது. ஆனால் சோறு, குழம்பு, பொரியல் எல்லாவற்றையும் ஒன்றாக மிக்சியில் போட்டுப் பழுப்பாக நீட்டுவதை நான் ஏற்கவே மாட்டேன். தனித்தனியாக மசியுங்கள், தனித்தனியாக வையுங்கள். ஊட்டிவிடும் அட்டெண்டர் நிற்கக் கூடாது, அவருக்கும் ஒரு நாற்காலி வேண்டும். நின்றுகொண்டு ஊட்டினால் பெரியவர் கழுத்தை அண்ணாந்து விழுங்குவார், புரை ஏற அதுவே போதும்.

டிமென்ஷியா உள்ளவர் தட்டு முன்னால் இருந்தும் சாப்பிடாமல் இருந்தால், அடம் என்று முடிவு கட்டாதீர்கள். வெள்ளை மெலமைன் தட்டில் வெள்ளை இட்லி அவர் கண்ணுக்குத் தெரியாமலே இருக்கலாம். பாஸ்டனில் செய்து 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், முற்றிய அல்சைமர் நோயாளிகளுக்கு வெள்ளைக்குப் பதிலாகச் சிவப்பு நிறத் தட்டும் குவளையும் கொடுத்தபோது உணவு 25 சதவீதமும் பானம் 84 சதவீதமும் கூடுதலாக உள்ளே போனது. சின்ன ஆய்வுதான், ஆனாலும் செய்துபார்க்க எளிது. வாழையிலைப் பச்சையில் வெள்ளைச் சோறு பளிச்சென்று தெரியும் என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

உபசாரம் என்பதை இல்லங்கள் ஒருபக்கமாகவே புரிந்துகொள்கின்றன: நாம் செய்வோம், அவர் வாங்கிக்கொள்வார். ஆயுள் முழுக்க வாசலுக்கு வந்தவரை "ஒரு வாய் சாப்டுட்டுப் போங்க" என்று சொல்லியே பழகிய ஒரு பெண்மணிக்கு, தங்கை பார்க்க வரும்போது ஒரு டம்ளர் காபி கொடுக்க வழியில்லை என்றால் அவர் அங்கே நோயாளியாகிவிடுகிறார். கூப்பன் வாங்க ஆபீசுக்குப் போக வேண்டும், முதல் நாளே சொல்ல வேண்டும், பில் மகனுக்குப் போகும். இதற்குப் பதிலாக மாடிக்கு ஒரு சின்னப் பேன்ட்ரி, மாதத்துக்கு நாலைந்து விருந்தினர் சாப்பாடு கட்டணத்திலேயே சேர்த்தி என்று வைத்த இடங்களில் உறவுக்காரர்கள் வருவதும் கூடுகிறது. அமெரிக்காவில் 2003-இல் மிசிசிப்பியின் டூப்பலோவில் தொடங்கிய கிரீன் ஹவுஸ் இல்லங்கள் இதை அடியிலிருந்தே மாற்றின: பத்துப் பேர் அளவில் ஒரு வீடு, திறந்த சமையலறை, எல்லோருக்கும் ஒரே நீண்ட மேஜை. நம்மிடம் அவ்வளவு வேண்டாம். கீரை ஆயவும் அவரை நார் உரிக்கவும் விட்டாலே போதும். 'சமையலறைக்குள் வெளியாட்கள் கூடாது, சுகாதார விதி' என்பார்கள். சரி, சமையலறைக்கு வெளியே ஒரு மேஜை போட்டு, கை கழுவ வைத்து உட்கார வையுங்கள். காய்க்கூடைக்கு எதிரில் உட்கார்ந்தால் மாதக்கணக்கில் பேசாதவரும் "இதென்னங்க இத்தன முத்தல்" என்பார்.

சேர்க்கும் முன்பே பேசித் தீர்க்க வேண்டிய ஒன்று அசைவம். சைவம் மட்டும் என்ற இல்லங்கள் நிறைய. ஆயுள் முழுக்க ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு சாப்பிட்டவருக்கு எண்பது வயதில் முட்டைகூட இல்லை என்பது பெரிய மாற்றம். புரதக் கணக்கிலும் துண்டு விழும். இடம் பிடித்துப்போய்விட்டது, காற்று நன்றாக இருக்கிறது என்று இதைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

சேர்த்த பிறகு கேட்க வேண்டியது மாதாந்திர எடைப் பதிவு. மூன்று மாதத்தில் மூன்று கிலோ குறைந்தால் உடனே டாக்டரிடம் போக வேண்டும். வீடியோ காலில் முகம் மட்டும்தான் தெரியும், அதனால் நேரில் போகும்போது வளையல் முழங்கை வரை வழிகிறதா, பல்செட் ஆடுகிறதா, கெண்டைக்கால் சுற்றளவு 31 சென்டிமீட்டருக்குக் கீழே போய்விட்டதா என்று பாருங்கள். ஒரு டெய்லர் டேப் போதும். சமையலறையில் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 14 இலக்க உரிம எண் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் சாப்பாட்டுக் கட்டணம் தனியாக எழுதப்பட்டிருக்கிறதா, ஆஸ்பத்திரியில் இருக்கும் நாட்களுக்குக் கழிவு உண்டா, மேஜையில் உதவிக்கு ஆள் எத்தனை பேருக்கு ஒருவர் என்பதையும் படித்துப் பாருங்கள். இல்லத்தோடு பேசித் தீராத பிரச்சினை என்றால் மூத்த குடிமக்களுக்கான தேசிய உதவி எண் 14567-ஐ அழைக்கலாம், கட்டணம் கிடையாது.