வேலையை முடித்துவிட்டு மானியம் கேட்காதீர்கள்

பழைய கட்டடத்தைப் பாதுகாக்கத் தரும் மானியத்துக்கு எழுதித் தரச் சொல்லி இந்த மாதத்தில் என்னிடம் வந்தவர்களில் இவர் மூன்றாவது ஆள். "நூறு வருஷத்துக் கட்டடம் சார். எல்லாம் புதுசு பண்ணியாச்சு. மானியத்துக்கு நீங்க எழுதிக் கொடுத்தா போதும்."

போய்ப் பார்த்தேன். சுண்ணாம்புக் காரைச் சுவர் முழுக்க சிமென்ட் பூச்சு, அதன்மேல் பளபளவென்று பெயின்ட். அதற்குள் முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்திருந்தது. கட்டைவிரலால் அழுத்தினேன். பூச்சு பெயர்ந்து வந்தது, கூடவே செங்கல்லும் மாவாகக் கொட்டியது. பழைய சுவரில் சிமென்ட் வேண்டாம் என்று இன்னும் எத்தனை தடவைதான் சொல்வது?

மானியம் என்றால் செய்த செலவைத் திருப்பிக் கொடுக்கும் பரிசு என்று நினைக்கிறார்கள். ஒப்புதல் கடிதம் கைக்கு வருமுன் தொடங்கிய வேலைக்கு நிதி அமைப்புகள் பெரும்பாலும் காசு தருவதில்லை. வேலை நன்றாக இருந்தாலும் அப்படித்தான். எதை எடுப்பீர்கள், எதை விட்டுவைப்பீர்கள், என்ன சாந்து பூசுவீர்கள் என்று முன்கூட்டியே பார்த்து ஒப்புக்கொள்ளத்தானே விண்ணப்பமே கேட்கிறார்கள்? பழைய காரையைக் கொத்தி வண்டியேற்றிய பிறகு அவர்கள் வந்து எதைப் பார்ப்பது? "புதுசு பண்ணியாச்சு" என்ற சொல்லே அவர்கள் காதில் விழக்கூடாத சொல்.

முழுச் செலவும் வரும் என்ற கனவும் வேண்டாம். அமெரிக்காவில் 1976-இல் உருவான வரலாற்றுப் பாதுகாப்பு நிதி, கடலடி எண்ணெய்க் குத்தகை வருவாயில் நடப்பது. அதிலிருந்து மாநிலங்களுக்குப் போகும் பணத்துக்கே 60-க்கு 40 என்று சொந்தப் பங்கு போடவேண்டும். பல இடங்களில் பில்லைக் காட்டிய பிறகுதான் பணம் வரும். அதுவரை மேஸ்திரிக்குக் கூலி உங்கள் பையிலிருந்துதான்.

கூரைக் குழாயில் அடைத்த சருகை எடுக்க மானியம் தேடாதீர்கள், ஏணி தேடுங்கள். 1877-இல் இங்கிலாந்தில் கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸ் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் அன்றாடப் பராமரிப்பைத்தான் வலியுறுத்தியது. பழங்கட்டடப் பாதுகாப்புக்கான சர்வதேச நெறிமுறையான 1964 வெனிஸ் சாசனமும் அதையேதான் சொல்கிறது.

விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால் முதலில் போட்டோ எடுங்கள், ஒவ்வொரு சுவரையும். ஒழுகுகிறதா, தார்ப்பாய் கட்டுங்கள். சாய்கிறதா, முட்டுக் கொடுத்துவிட்டு நிதி தருபவருக்கு அன்றைக்கே தகவல் சொல்லுங்கள். அதற்குமேல் ஒரு கல்லையும் அசைக்காதீர்கள்.

கிளம்பும்போது அவர் கேட்டார்: "இந்த சிமென்டைக் கொத்தி எடுக்க மானியம் கிடைக்குமா?" கேட்டுப் பார்க்கலாம் என்றேன். ஆனால் பதில் வரும்வரை தயவுசெய்து உளியைத் தொடாதீர்கள், ஐயா.