கடைசி ஒன்றேகால் மைல்

ஹவாயின் தலைநகர் ஹொனலூலுவில் உயர்பாலத்தின் மேல், ஓட்டுநரே இல்லாமல் ஓடும் ரயிலுக்கு 155 கோடி டாலர் தர அமெரிக்க மத்திய அரசு 2012 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. அன்றைய கணக்கு 20 மைல், 21 நிலையங்கள், சுமார் 512 கோடி டாலர். பத்தே ஆண்டில் செலவு ஏறத்தாழ இரண்டு மடங்கானது. 2022இல் நகர முனையில் ஒன்றேகால் மைலையும் இரண்டு நிலையங்களையும் தள்ளிவைத்தார்கள். வழியிலுள்ள பேர்ல் ஹைலண்ட்ஸ் நிலையத்தில் 1,600 கார்களுக்கான நிறுத்தமும் அதோடு போனது. இப்படிக் குறுக்கிய பாதையைக் கட்டத்தான் வேண்டுமா?

நீளத்தில் குறைந்தது நூற்றுக்கு ஆறுதான். ஆனால் அந்த முனையில் இருப்பது அலா மொவானா. பெரிய வணிக வளாகம், வைகீகி சுற்றுலாக் கடற்கரைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் பேருந்து மாறும் இடம். ரயில் மைலுக்கு ஏறக்குறைய இரண்டு நிமிடத்தில் போகிறது. விட்டுப்போன தூரத்தை மூன்று நிமிடத்துக்குள் கடந்துவிடும். அதற்குப் பதிலாகப் பயணி இறங்கி, தெருவுக்கு வந்து, பேருந்துக்குக் காத்திருக்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒரு பேருந்து என்றால் சராசரிக் காத்திருப்பு ஐந்து நிமிடம். நடப்பதையும் நிற்பதையும் உட்கார்ந்து போகும் நேரத்தைப் போல இரு மடங்காகக் கணக்கிடுவது போக்குவரத்துத் திட்டமிடுவோரின் வழக்கம். இரண்டு நிமிட நடையையும் சேர்த்தால், பேருந்து நகரும் முன்பே 14 நிமிடப் பயணத்தின் அலுப்பு வந்துவிடுகிறது.

இதற்கு முதல் கட்டமே சாட்சி. 2023 ஜூன் 30இல் கிழக்கு கபோலேயிலிருந்து விளையாட்டரங்கம் வரை 9 நிலையங்கள் திறந்தன. 22 நிமிடப் பயணம். ஆனால் நகர மையமும் இல்லை, விமான நிலையமும் இல்லை. தொடக்க மாதங்களில் நாளுக்கு மூன்று, நான்காயிரம் பேர்தான் ஏறினார்கள். 2025 அக்டோபரில்தான் பாதை விமான நிலையத்தைத் தொட்டது.

பாதையைக் குறைத்தால் செலவும் அதே விகிதத்தில் குறையும் என்று நம்புவது தவறு. 43 ஏக்கர் பணிமனையும் கட்டுப்பாட்டு மையமும் அப்படியே இருக்கும். நான்கு பெட்டி கொண்ட 20 ரயில்களும் முன்பே வாங்கியவை. முதல் கட்டத்தின் 22 நிமிடப் பாதையில் போக 22, வர 22, இரு முனையிலும் திரும்ப மும்மூன்று என்று வைத்தால் ஒரு சுற்று 50 நிமிடம். பத்து நிமிடத்துக்கு ஒன்று விட ஐந்து ரயில் போதும். மற்றவை பாதை நீளும்வரை பெரும்பாலும் சும்மா நிற்கும்.

பணத்தை விழுங்கியது பெரும்பாலும் மண்ணுக்குள் இருப்பதுதான். நகர மையத்துக்குப் போகும் வழியிலுள்ள டில்லிங்ஹாம் சாலையில் ஒரு தூணுக்குக் குழி தோண்டும் முன் குடிநீர், கழிவுநீர்க் குழாய்களையும் மின்கம்பிகளையும் நகர்த்த வேண்டியிருந்தது. பூர்வகுடிகளின் எலும்புகள் புதைந்திருக்கக்கூடிய இடங்களும் வழியில் உண்டு. பாதை முழுவதும் தொல்லியல் ஆய்வு முடியாமல் கட்டியது தவறு என்று 2012இல் ஹவாய் உச்ச நீதிமன்றம் சொன்னதால் வேலை நின்றது.

சிறு பொருத்தமின்மைகூடப் பெரிய தாமதம் ஆகும். தண்டவாளங்கள் குறுக்கிடும் கிராஸிங்கில், சக்கரத்தின் விளிம்பு நுழைந்து போக ஓர் இடைவெளி விட்டிருக்கும். சக்கரத்தின் மேற்பரப்பு அந்த இடைவெளியைத் தாண்டி மறுபக்க இரும்பில் உட்கார வேண்டும். இங்கே வந்த சக்கரங்கள் சுமார் அரை அங்குலம் அகலம் குறைவு. தாங்கல் போதாமல் அங்கே வேகத்தைக் குறைக்க வேண்டியிருந்தது. கிராஸிங்குகளில் வெல்டிங் செய்து, அகலமான சக்கரங்களும் மாட்டினார்கள்.

செலவழித்த பணம் திரும்பாது. இனி போடும் பணத்துக்கு என்ன கிடைக்கும் என்பதே கேள்வி. விளையாட்டரங்கத்தோடு நிறுத்தியிருந்தால் பாலம் வீண், மத்திய அரசின் மீதி 74.4 கோடி டாலரும் சந்தேகம். ஆகவே நகர மையம் வரை கட்டுவது சரி. ஆனால் தற்காலிகக் கடைசி நிலையத்தில் ரயில் தடம் மாறித் திரும்பும் பாயின்ட்டுகளை, பாதை பின்னாளில் நீளும் என்று எண்ணியே வைக்க வேண்டும். நிலையத்தைத் தாண்டி பாலத்தையும் ரயிலுக்கு மின்சாரம் தரும் தண்டவாளத்தையும் கொஞ்சம் நீட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் மீதியை இணைக்கும்போது, ஓடிக்கொண்டிருக்கும் ரயிலை நிறுத்தித்தான் வேலை செய்ய முடியும்.