எஃப்-5 தோற்கத்தான் வருகிறது, நீங்கள் அதன் மேல் மோத வேண்டியதில்லை

இனி எந்த இளம் விமானியாவது, பறந்து முடித்தபின் நடந்ததை அலசும் டிப்ரீஃப் அறையில் உட்கார்ந்துகொண்டு "அது பழைய ஓட்டை விமானம்தானே சார்" என்று சொன்னால் எழுந்து வெளியே போய்விடுவேன் என்று சொல்லிவைத்திருந்தேன். போன வாரம் ஒருவர் சொன்னார். நான் போகவில்லை, உட்கார்ந்து திட்டினேன். திட்டி முடியாத மிச்சம் இது.

நடந்தது புதுசு ஒன்றும் இல்லை. ஒருவருக்கு ஒருவர் பயிற்சிச் சண்டை, எதிரி விமானமாக நடிக்கும் வேஷத்தில் எஃப்-5 என்ற பழைய, சின்ன அமெரிக்கப் போர் விமானம். மேலே ஏறித் திரும்பும்போது எதிராளி இவர் கண்ணிலிருந்து மறைந்துவிட்டார். அந்த நொடியே "லாஸ்ட் சைட்", அதாவது கண்ணிலிருந்து தொலைத்துவிட்டேன் என்று ரேடியோவில் சொல்லியிருக்க வேண்டும். இவர் சொல்லாமல், கழுத்தைத் திருப்பித் திருப்பித் தேடிக்கொண்டே, எதிராளி இருப்பார் என்று தானாக நினைத்துக்கொண்ட பக்கம் விமானத்தை இழுத்துக்கொண்டு போயிருக்கிறார். பதிவைத் திரையில் ஓட்டினால் இரண்டு கோடுகளும் நெருங்கி, நடுவில் இருக்கவேண்டிய 500 அடியைத் தின்றுவிட்டுப் பிரிகின்றன. ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன். அவ்வளவு பழைய விமானத்தைத் தொலைத்துவிட்டேன் என்று சொல்லக் கூச்சமாக இருந்ததாம். கூச்சம்!

எதிரி வேஷத்துக்கு ஏன் பழைய விமானம் என்பதை நீட்டி முழக்கப் போவதில்லை. வாங்கும் விலையும் ஓட்டும் செலவும் குறைவு. மணிக்குப் பல்லாயிரம் டாலர் விழுங்கும் எஃப்-35-ஐ வெறும் இலக்காக நிறுத்தி அதன் ஆயுளைக் கரைக்க யாருக்கும் மனசு வராது. அதற்கும் மேலே, தன் சொந்த ஜாடை விமானத்தோடு மட்டுமே சண்டை பழகினால் என்ன ஆகும் என்று அமெரிக்கக் கடற்படை வியட்நாமில் பட்டுத் தெரிந்துகொண்டது. தங்கள் ஃபான்டம் போர் விமானத்தோடு ஃபான்டம் பழகிவிட்டுப் போனவர்கள், எதிரியின் மிக்-17 நேரில் வந்து திரும்பிய திருப்பத்தைப் பார்த்துத் திணறிப்போனார்கள். 1969-ல் கலிபோர்னியாவின் மிராமரில் டாப்கன் என்ற வான்சண்டைப் பள்ளி தொடங்கியபோது ஏ-4 ஸ்கைஹாக் மிக்-17 வேஷம் கட்டியது. மிக்-21 வேஷம் முதலில் டி-38-க்கு, அப்புறம் எஃப்-5-க்கு. ஒரு கட்டத்தில் நிஜ மிக் விமானங்களையே நெவாடாவின் டோனோபாவில் ரகசியமாகப் பறக்கவிட்டார்கள், அந்த ரகசியம் 2006-ல்தான் அதிகாரபூர்வமாக வெளியே வந்தது. சுவிட்சர்லாந்து ஓரங்கட்டிய எஃப்-5-களைத் தேடிப்போய் வாங்கி இன்றும் கடற்படை ஓட்டுகிறது. ஆசைக்கு வாங்கவில்லை.

அடுத்த விஷயத்துக்குத்தான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. பயிற்சியில் யார் யாரை எத்தனை முறை "சுட்டார்கள்" என்ற கணக்கை எடுத்துக்கொண்டு, இந்த விமானம் அந்த விமானத்தைவிட உசத்தி என்று தீர்ப்பு எழுதுவது. ஆர்வலர்கள் எழுதினால் விட்டுத்தள்ளலாம். விமானிகளே அதைப் படித்துவிட்டு வருகிறார்களே!

2004-ல் குவாலியரில் இந்திய, அமெரிக்க விமானப்படைகள் நடத்திய கோப் இந்தியா பயிற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவின் மிக்-21 பைசன் அமெரிக்காவின் எஃப்-15-ஐத் தடுமாற வைத்தது உண்மைதான். சின்ன விமானம், கண்ணில் படாது, ரஷ்ய ரேடாரும் ஆர்-73 மிசைலும் ஏற்றிப் புதுப்பித்தது, ஓட்டியவர்களும் கெட்டிக்காரர்கள். ஆனால் அதே பயிற்சியில் அமெரிக்கத் தரப்பு எண்ணிக்கையில் குறைவாக இறங்கியது, தொலைதூர ஆம்ராம் மிசைலைப் பயன்படுத்துவதில்லை என்றும் ஒப்புக்கொண்டிருந்தது. அந்த வரியை யாரும் பகிர்வதில்லை. இந்தப் பக்கம் "நம் மிக் அமெரிக்காவை அடித்தது" என்று ஒரு கூட்டம், அந்தப் பக்கம் "அதெல்லாம் ஏமாற்று" என்று ஒரு கூட்டம். இரண்டு பேருக்கும் அது ஒரு பயிற்சி என்பது மறந்துவிட்டது.

எதிரி வேஷம் போடுபவர் உங்களை ஜெயிக்க வரவில்லை. மறுபடியும் சொல்கிறேன், ஜெயிக்க வரவில்லை. இன்ன விமானம், இன்ன மிசைல், இன்ன அளவு புத்திசாலித்தனம் உள்ள விமானி என்று காலையிலேயே அவருக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அதைத் தாண்டி அவருக்குத் தெரிந்த வித்தையைக் காட்டக் கூடாது. நீங்கள் தவறான நேரத்தில் திரும்பினால் தண்டிப்பார், சரியாகச் செய்தால் செத்துக் காட்டுவார். பெரிய பயிற்சிகளில் செத்தவர் ஓர் இடத்துக்கு ஒதுங்கிப் போய் ரீஜென் ஆகி, புது எதிரியாகத் திரும்பி வருவார். ஒரே எஃப்-5 ஒரே மதியத்தில் நாலு முறை சாகலாம். அதைக் கூட்டி "நாலு விமானத்தை வீழ்த்தினேன்" என்று சொல்லித் திரிபவரை என்ன செய்வது? அதேபோல் எஃப்-5-இடம் நீங்கள் மாட்டிக்கொண்டால் உங்கள் விமானம் மட்டம் என்று அர்த்தமில்லை. அந்த ஒரு திருப்பத்தில் நீங்கள் வேகத்தைக் கரைத்துவிட்டீர்கள், அவ்வளவுதான், டேப்பைப் போட்டுப் பாருங்கள். தொழில்காரனாக ஒன்று சொல்கிறேன், நல்ல எதிரி விமானிக்கு ஜெயித்த நாளைவிட, மாணவர் கடைசியில் பிடித்துக்கொண்டு தன்னைச் சுட்ட நாளில்தான் சிரிப்பு அதிகம்.

இதில் மிசைல் பொய், எதிரி பொய், சாவும் பொய். விமானமும் தரையும் நிஜம். 2021 மே மாதம் நெல்லிஸ் விமானப்படைத் தளத்திலிருந்து இயங்கிய எதிரி வேஷ மிராஜ் எஃப்1 ஒன்று லாஸ் வேகாஸ் குடியிருப்புப் பகுதியில் விழுந்து அதன் விமானி இறந்துபோனார். வேஷம் கட்டுகிறவர்களும் நிஜமாகவே சாகிறார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

சின்ன விமானம் என்றால் எவ்வளவு சின்னது? எஃப்-5-ன் இறக்கை முனைக்கு முனை 8 மீட்டர் சொச்சம், எஃப்-15-க்கு 13. நேருக்கு நேர் வரும்போது இறக்கை மெல்லிய கோடு, உடம்பு ஒரு புள்ளி. பழைய ஃபான்டம் மாதிரி கரும்புகை விட்டு இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுப்பதும் இல்லை. ஆளுக்கு 450 நாட் (மணிக்கு 450 கடல் மைல்) வேகத்தில் எதிரெதிரே வந்தால் நெருங்கும் வேகம் 900 நாட், அதாவது 2 கடல் மைல் தூரத்தில் கண்ணில் பட்டால் கையில் இருப்பது 8 விநாடி. அந்த 500 அடியைக் கடக்க அரை விநாடிகூட வேண்டாம். அது தாராளமான இடைவெளி என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்க்கட்டும்.

அதனால் தம்பிகளே, தங்கச்சிகளே, கண்ணிலிருந்து தொலைந்தால் உடனே சொல்லுங்கள். அவர் உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் தொடரச் சொல்வார், இல்லையென்றால் சண்டை அங்கேயே நிற்கும். இரண்டிலும் உங்களுக்கு நஷ்டமில்லை. உங்களுக்கு அவர் தெரிகிறார் என்பதால் அவருக்கும் நீங்கள் தெரிகிறீர்கள் என்று ஒருபோதும் வைத்துக்கொள்ளாதீர்கள், விலக வேண்டியவர் நீங்கள்தான் என்றே பறங்கள். நேருக்கு நேர் கடக்கும்போது எந்தப் பக்கம் விலக ஆரம்பித்தீர்களோ அதே பக்கம், கடைசி நொடியில் மனசு மாறக் கூடாது. மூக்கு மேலே இருப்பவர் மேலே, கீழே இருப்பவர் கீழே. முன்பக்கத்திலிருந்து பீரங்கியால் சுடுவது போலப் பாவனைகூட வேண்டாம்.

ஹார்ட் டெக், அதாவது கீழே இறங்கக் கூடாத உயரம், 5,000 அடி என்று சொல்லியிருந்தால் அதுதான் அன்றைக்குத் தரை. "கொஞ்சம்தான் கீழே போனேன், இன்னும் அரை சுற்றில் பிடித்திருப்பேன்" என்று டிப்ரீஃபில் ஆரம்பிக்காதீர்கள், நீங்கள் மண்ணில் புதைந்தாகிவிட்டது, உட்காருங்கள். யாராவது "நாக் இட் ஆஃப்" என்றால் யார் சொன்னது, ஏன் சொன்னது என்று ஆராயாமல் நிறுத்துங்கள். காரணத்தைத் தரையில் பேசிக்கொள்ளலாம்.

அப்புறம் எரிபொருள், உங்களுடையது மட்டுமல்ல, அவருடையதும். எஃப்-5-ன் உடம்புக்குள் கொள்ளுவது சுமார் 2,000 கிலோதான், ஆஃப்டர்பர்னரைப் போட்டால் கண்ணெதிரே இறங்கும். அவர் பிங்கோ, அதாவது வீடு திரும்பும் அளவுக்குத்தான் எரிபொருள் இருக்கிறது என்று சொன்ன பிறகும் "இன்னும் ஒரு ரவுண்டு" என்று நச்சரிப்பவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். அவருடைய விமானத்தில், ஆபத்தில் விமானியை வெளியே தூக்கி எறியும் பழைய காலத்து எஜெக்‌ஷன் சீட் இருக்கலாம். புது சீட் மாதிரி ஓடுபாதையில் நின்ற நிலையிலிருந்துகூடக் காப்பாற்றும் என்று அதை நம்ப முடியாது, காப்பாற்றக் கொஞ்சம் வேகம் வேண்டும். எரிபொருள் தீர்ந்துபோய்த் தாழ்வாக, மெதுவாக வீடு திரும்பும் நிலைக்கு அவரைத் தள்ளாதீர்கள்.

கடைசியாக ஒரு கெஞ்சல். பறப்பதற்கு முன்னால் எதிரி விமானியிடம் போய் இரண்டு நிமிடம் பேசுங்கள். இன்று யாராக வருகிறீர்கள், வெயில் எந்தப் பக்கம், உங்களுக்கு எத்தனை நிமிட எரிபொருள், உங்கள் கேனபியில் (தலைக்கு மேலுள்ள கண்ணாடி மூடியில்) எந்த மூலை தெரியாது என்று கேளுங்கள். போன வாரத்து ஆளையும் அவரோடு உட்காரவைத்தேன். அந்த எஃப்-5-ல் உட்கார்ந்தபடி பின்னால் திரும்பினால் எவ்வளவு குறைவாகத் தெரியும் என்று அவர் சொன்னபோதுதான், எதிராளிக்கும் தன்னைத் தெரிந்திருக்கவில்லை என்பது இவருக்கு உறைத்தது.