தொப்பூர் இறக்கத்தில் டீசல் மிச்சமாகுமா?

தர்மபுரியிலிருந்து சேலம் போய் வருகிறவர்களுக்குத் தொப்பூர் கணவாயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அங்கே லாரி கவிழ்ந்த செய்தியைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வருகிறேன். 'பிரேக் பிடிக்கல' என்ற பேச்சும் கூடவே வரும். ஏன் பிடிக்காமல் போகிறது? அதற்கும், எதிர்ப்பக்கம் முக்கி முனகி ஏறும் லாரி கக்கும் கரும்புகைக்கும் ஒரே கணக்குதான்.

சரக்கோடு 40 டன் எடையுள்ள லாரி 100 மீட்டர் உயரம் ஏற சுமார் 39 மெகாஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு லிட்டர் டீசலில் ஏறக்குறைய 36 மெகாஜூல் இருக்கிறது. ஆனால் எஞ்சின் அதில் 40 சதவீதம் அளவுக்குத்தான் வேலையாக மாற்றும். ஆக, உயரம் ஏறுவதற்கு மட்டுமே 2.7 லிட்டர் போய்விடும்.

சரி, அதே லாரி இறங்கும்போது அந்த 39 மெகாஜூல் எங்கே போகும்? காற்றும் டயரும் கொஞ்சம் தின்னும். மீதியை பிரேக் மட்டுமே தாங்கினால் அவ்வளவும் வெப்பமாகிவிடும். 39 மெகாஜூல் என்பது 130 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் சூடு. கல்யாண வீட்டு அண்டாவை அடுப்பில் ஏற்றி எவ்வளவு நேரம் காத்திருப்போம்! இங்கே அது சில நிமிடங்களில், சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிரம்மில் இறங்குகிறது. சூட்டில் டிரம் விரிந்து, அதை உரசிப் பிடிக்கும் லைனிங்கை விட்டு விலகும். லைனிங்கும் பிடிப்பை இழக்கும். டிரைவர் திரும்பத் திரும்ப மிதித்தால், பிரேக்கை இயக்கும் ஏர் டேங்கில் காற்றழுத்தமும் இறங்கிவிடும்.

இந்த இடத்தில்தான் சிலர் டீசல் மிச்சம் என்று வண்டியை நியூட்ரலில் விடுகிறார்கள். மிச்சமே இல்லை. இன்றைய எஞ்சின்களில், கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரை விட்டால் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி டீசலை அடியோடு நிறுத்திவிடும். சக்கரம்தான் எஞ்சினைச் சுழற்றும். நியூட்ரலிலோ எஞ்சின் அணையாமல் ஓட டீசல் தேவை. அதோடு, கியரில் இருக்கும் எஞ்சின் தானே ஒரு பிரேக். புகை வெளியேறும் வழியை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்சாஸ்ட் பிரேக்கும் போட்டால் டிரம்முக்குப் போகும் சூடு இன்னும் குறையும். நியூட்ரலில் இது எல்லாமே கைவிட்டுப் போகிறது. டிரைவர்களிடம் முதலில் சொல்ல வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன்.

ஏற்றத்தில் கதை வேறு. பாரம் அதிகமானால் டீசல் அதிகமாகப் பாயும். எரிக்கப் போதிய காற்று இல்லாத இடத்தில் கரியாக வெளியே வரும். அதிலுள்ள நுண்துகள்களின் குறுக்களவு 2.5 மைக்ரோமீட்டருக்கும் குறைவு, தலைமுடியில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. அவை நுரையீரலின் அடியாழம் வரை போகும். டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் வகைப்படுத்தியது. 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்-6 என்ற வாகனப் புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. புது லாரிகளில் கரியைப் பிடித்து எரிக்கும் வடிகட்டியும் வந்தது. ஆனால் பழைய வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. லாரி நிமிடத்தில் கடந்துவிடும். மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரி நெடுஞ்சாலை ஓரம் கூடை வைத்து உட்கார்ந்திருக்கும் அக்காவுக்கு நாள் முழுக்க அதே காற்றுதான். மிக நுண்ணிய துகள்கள் சாலையிலிருந்து இருநூறு, முந்நூறு மீட்டருக்குள் வெகுவாகக் குறைந்துவிடும். அதனால் கடையைக் கொஞ்சம் உள்ளே தள்ளிப் போட இடம் கொடுத்தாலே பலன் உண்டு.

ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை போகும் 44ஆம் எண் சாலை இது. வண்டியே வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஆனால் இறங்கும் ஆற்றலைச் சூடாக்கி வீணடிக்காமல் பிடித்து வைக்கலாம். மின்வாகனம் இறங்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி பேட்டரியை நிரப்பும். பிரேக்கை மிதிப்பது குறைவதால் லைனிங் தேய்ந்து பறக்கும் தூசியும் குறையும். ஓசூரில் ஏத்தரும் போச்சம்பள்ளியில் ஓலாவும் செய்யும் ஸ்கூட்டர்களில் இருப்பது இதே தத்துவம்தான். 40 டன் லாரிக்கு பேட்டரியின் எடையே சரக்கின் இடத்தைத் தின்றுவிடும். என்னைக் கேட்டால் தர்மபுரி–சேலம் பேருந்தில் தொடங்கலாம். ஒரு வழி 65 கிலோமீட்டர் அளவுதான். காலையில் சேலம் போகையில் தொப்பூர் இறக்கத்தில் சேர்ந்த மின்சாரம், திரும்பி ஏறும்போது ஒரு பங்கு வேலையைச் செய்துவிடும்.