‘போக விடுங்கள்’: விடுகிறவர் யார்?

எங்கள் சபையில் மூன்று நாள் கன்வென்ஷன் நடந்தது. வெளிநாட்டுப் பிரசங்கியார் ஆங்கிலத்தில் பேச, பக்கத்தில் நின்று ஒரு தம்பி தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டாம் நாள் இரவு பாவமன்னிப்பைப் பற்றிய பிரசங்கம். அன்று மட்டும் ‘Let go of your past’ என்பதைத் தம்பி ‘உங்கள் கடந்த காலத்தைப் போக விடுங்கள்’ என்று பதினோரு முறை சொன்னார். எண்ணினேன். எனக்கு முன்வரிசையில் இருந்த பாட்டி பக்கத்து அம்மாவிடம், “எங்க போகுதாம்?” என்று கேட்டார்.

கைப்பேசியில் வரும் காலை வணக்க அட்டைகள் இதற்கும் ஒருபடி மேல். ‘கடந்த காலத்தை விடுவியுங்கள்’ என்று ஒன்று வந்தது. விடுவிப்பது கைதியை. கட்டுண்டு கிடப்பவன் நான். அட்டை எழுதியவரோ சிறைச்சாலைக்கு ஜாமீன் வாங்கித் தருகிறார்.

சரி, மூலச்சொல். புதிய ஏற்பாட்டுக் கிரேக்கத்தில் பாவமன்னிப்புக்கு ‘அஃபெசிஸ்’ என்று பெயர், வினை ‘அஃபியேமி’. அப்பால் அனுப்புதல், விட்டுவிடுதல் என்று பொருள். பேதுருவும் அந்திரேயாவும் ‘வலைகளை விட்டு’ இயேசுவின் பின்னால் போனார்களே (மத்தேயு 4:20), அந்த ‘விட்டு’ம் இதே வினைதான். பழைய ஏற்பாட்டின் எபிரெயத்தில் ‘நாசா’ என்றொரு சொல் உண்டு. அதைப் பிறகு பார்ப்போம்.

கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது தம்பியைப் பிடித்தேன். படித்த பையன், சளைக்கவில்லை. “மூலத்திலேயே விடுங்கிற அர்த்தம்தானே அங்கிள் இருக்கு?” என்றார்.

இருக்கிறது. வினை சரி, எழுவாய் தப்பு. அஃபெசிஸ் கடன்காரர்கள் உலகத்துச் சொல். உபாகமம் 15-ஆம் அதிகாரத்தில் ஏழாம் வருஷ விடுதலை வருகிறது: கடன் கொடுத்தவன் அதைத் தண்டாமல் விட்டுவிட வேண்டும். விடுகிறவன் கொடுத்தவன், வாங்கினவன் அல்ல. மத்தேயு 18-இல் பதினாயிரம் தாலந்து கடன்பட்டவனின் கதையிலும் அப்படியே. ராஜா மனமிரங்கி, ‘கடனையும் அவனுக்கு மன்னித்துவிட்டான்’. வாங்கினவன் எழுந்து நின்று, ‘நான் என் கடனைப் போக விடுகிறேன்’ என்று அறிவித்திருந்தால் அரண்மனையே சிரித்திருக்கும்.

அந்த ‘அவனுக்கு’ என்பதைக் கொஞ்சம் பாருங்கள். நாம் இன்று ‘அவனை மன்னித்தேன்’ என்கிறோம், இரண்டாம் வேற்றுமை. பழைய திருப்புதலில், அதாவது பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பில், நான்காம் வேற்றுமை: ‘எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்’, சிலுவையில் ‘பிதாவே, இவர்களுக்கு மன்னியும்’. சின்ன வயதில் இதை இலக்கணப் பிழை என்று நினைத்திருக்கிறேன். பிழையே இல்லை. மன்னிக்கப்படுவது கடன், அது யாருக்கு என்பதற்குத்தான் ‘கு’. 2021-இல் தமிழக அரசு கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாயைத் தள்ளுபடி செய்தபோது செய்தித்தாள்கள் எப்படி எழுதின? ‘விவசாயிகளுக்குக் கடன் தள்ளுபடி’ என்றுதான். அதே ‘கு’. தள்ளுபடி என்றால் இப்போது ஆடி மாதத்து ஜவுளிக்கடை நினைவுக்கு வருகிறது என்பதால் அதை வேதத்தில் வைக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் விஷயம் அதுதான்: கணக்குப் புத்தகம் எதிர்ப்பக்கத்துக்காரர் கையில் இருக்கிறது. பேரேட்டில் அடிக்க வேண்டியவர் அவர்.

‘போக விடுங்கள்’ என்ற ஒரு சொற்றொடர் இதைத் தலைகீழாக்கிவிடுகிறது. கடவுள் செய்து முடித்த வேலையை, விசுவாசி வீட்டுக்குப் போய்ப் பயிற்சி செய்ய வேண்டிய பாடமாக ஆக்கிவிடுகிறது. இதன் தம்பிதான் ‘உங்களை நீங்களே மன்னியுங்கள்’. ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தல் வரை தேடுங்கள், அப்படி ஒரு கட்டளை கிடையாது. சுயமுன்னேற்றப் புத்தகத்திலிருந்து நேராகப் பிரசங்க மேடைக்கு ஏறி வந்திருக்கிறது. பழைய மொழிபெயர்ப்பாளர்கள் லேவியராகமம் 16-இல் பாவங்களைச் சுமந்து வனாந்தரத்துக்குப் போகும் ஆட்டுக்கு ‘போக்காடு’ என்று பெயர் வைத்தார்கள். என்ன அழகான சொல்! அங்கேயும் போக்குவது உண்டு. அதைச் செய்கிறவன் தலைமேல் கைவைத்து அறிக்கையிடும் ஆசாரியன். பாவி தானே ஆட்டை ஓட்டிக்கொண்டு போகவில்லை. இவ்வளவு யோசித்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று ஆங்கில வாக்கியத்தின்மேல் தமிழ்த்தாளை வைத்துக் கோடு இழுக்கிறார்கள்.

இந்த இடத்தில் தனித்தமிழ் அன்பர் ஒருவர் நிச்சயம் வருவார்: “மன்னிப்பே உருதுச் சொல், ஐயா.” இந்தத் துணுக்கும் நெடுங்காலமாகச் சுற்றுகிறது. உருதுவில் அதற்கு ‘மாஃபி’. ‘மன்னி’யின் உறவுகள் பக்கத்து வீட்டில் இருக்கின்றன: தெலுங்கில் ‘மன்னிஞ்சு’, கன்னடத்தில் ‘மன்னிசு’. இரண்டு மொழியிலும் மதித்தல், பொறுத்தல் என்ற இரு பொருளும் உண்டு. அதனால் மன்னிப்பை விரட்ட வேண்டாம். ஆனால் அவர் மாற்றாக நீட்டும் ‘பொறுத்தல்’ இருக்கிறதே, அதை நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வேன். காரணம் தூய்மை அல்ல, பொருத்தம்.

பொறு என்றால் தாங்கு. பொறை என்றால் சுமை. ‘பொறுத்தல் இறப்பினை என்றும்’ என்கிறது குறள் (152). அங்கே இறப்பு என்பது வரம்பு மீறிச் செய்த தீங்கு, வேதாகமம் ‘மீறுதல்’ என்பதற்குப் பக்கத்தில் வரும் சொல். இப்போது ‘நாசா’வுக்கு வருகிறேன். தூக்கு, சும என்பது அதன் பொருள். சங்கீதம் 32:1-இல் ‘மீறுதல் மன்னிக்கப்பட்டதோ’ என்று நாம் வாசிக்கும் இடத்தில் நிற்பது அதுதான். ஏசாயா 53:12-இல் ‘அநேகருடைய பாவத்தைத் தாமே சுமந்து’ என்ற இடத்திலும் அதே நாசா. மன்னிப்பதும் சுமப்பதும் எபிரெயனுக்கு ஒரே வினை. தமிழில் அந்த இரண்டையும் ஒரே வாயால் சொல்ல ‘பொறு’வை விட்டால் வேறு ஆள் இல்லை. கத்தோலிக்கர்கள் பழைய ஜெபத்தில் ‘எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும்’ என்று வைத்திருந்தார்கள். அதையும் பிறகு ‘மன்னியும்’ என்று மாற்றிக்கொண்டார்கள். எனக்கு அதில் வருத்தம்தான்; நான் கத்தோலிக்கனே இல்லை.

ஆக, கடவுள் செய்வதற்கு மன்னித்தார், பொறுத்தார். மனிதன் செய்ய வேண்டியது? அதற்கும் சொல் வீட்டிலேயே கிடக்கிறது: இறக்கி வை. பழைய பாதைகளில் சுமைதாங்கிக் கல் நிற்கும், இரண்டு நட்டு மேலே ஒன்று படுக்கப் போட்டு. தலைச்சுமைக்காரர் யார் உதவியும் இல்லாமல் பாரத்தை அதன்மேல் சரித்துவிட்டு நிமிர்வார். தாங்குவது கல். ‘பாரஞ்சுமக்கிறவர்களே, என்னிடத்தில் வாருங்கள்’ என்ற அழைப்பைக் கேட்டவருக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டுமா?

இதையெல்லாம் தம்பிக்கு ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தேன். மடித்துப் பைபிளுக்குள் வைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் இரவு பிரசங்கியார் அந்த வாக்கியத்துக்கு வந்ததும் தம்பி என்னைத் தேடிப் பார்த்துச் சிரித்துவிட்டு, கணீரென்று சொன்னார்: “உங்கள் கடந்த காலத்தை இறக்கி விடுங்கள்!”

பாட்டி திரும்பினார். “எந்த ஸ்டாப்புல?”